ஸ்ட்ரோலரோடு நகரச் சுற்றுலாவும் தீம் பார்க்கும்: முழுமையான வழிகாட்டி

குழந்தையோடு வெளியூர் போகத் திட்டமிடும்போது பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் எழுதுகிறோம். குழந்தையை அந்தப் பட்டியலுக்குள் எங்கே செருகுவது என்று அப்புறம் யோசிக்கிறோம். நாங்களும் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் நாள் மதியம் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் லிஃப்ட் இல்லை. அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை எழுப்ப மனசில்லாமல், ஸ்ட்ரோலரை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினோம். பாதி வழியில் அவள் விழித்து வீறிட்டாள். அதோடு அன்றைய திட்டம் முடிந்தது.

அந்தப் படிக்கட்டில்தான் விஷயம் புரிந்தது. ஸ்ட்ரோலர் என்பது குழந்தையை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமில்லை, நடமாடும் கட்டில். ஸ்ட்ரோலர் எந்த வழியில் போகும், அதில் குழந்தை எப்போது தூங்கும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டு, இடங்களை அதற்குள் செருக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த வரிசையில் யோசித்தவை. 6 மாதம் முதல் 4, 5 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

படி 1: நாட்களை அடுக்குவது

4 நாள் பயணம் என்றால் தீம் பார்க்கை நடுவில் வையுங்கள். முதல் நாள் பயணக் களைப்பு இருக்கும். நேர வித்தியாசம் உள்ள ஊர் என்றால் குழந்தை விடிகாலை 3 மணிக்கு எழுந்து விளையாடும். கடைசி நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். நடு நாளில் மழை வந்தால்கூட முன்னே பின்னே மாற்றிக்கொள்ள இடமிருக்கும். ஆனால் பல பூங்காக்களில் டிக்கெட்டைத் தேதி போட்டுத்தான் தருகிறார்கள். தேதியை மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் உங்கள் கையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பள்ளி விடுமுறை அல்லாத வாரத்தில், செவ்வாய், புதன் போன்ற வேலை நாட்களில் போகலாம். வரிசைகள் குறைவாக இருக்கும், ஸ்ட்ரோலர் தள்ளவும் வழி கிடைக்கும்.

அடுத்து, எங்கே தங்குவது? ஒரே ஓட்டலா, நகரத்தில் ஒன்று பூங்கா அருகே ஒன்றா? இதை முடிவு செய்ய வேண்டியது திரும்பி வரும் வழியை வைத்து. கோபன்ஹேகனில் 1843-ல் திறந்த டிவோலி பூங்கா, நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியே எழாது. மதியம் அறைக்கு வந்து குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மாலையில் மறுபடி போகலாம். டிஸ்னிலேண்ட் பாரிஸ் வேறு மாதிரி. ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயிலில் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 40 நிமிடம். கடைசி நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் போவது சுலபம். ஆனால் இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அதே ரயிலுக்குத்தான் வரும். அந்த நெரிசலில் தூங்கும் குழந்தையோடு நிற்பதற்கு, வாணவேடிக்கையை விட்டுவிட்டு முன்னதாகக் கிளம்பலாம், அல்லது அன்று ஒரு இரவு மட்டும் பூங்கா பக்கத்தில் தங்கலாம். 3 வயதுக்குக் கீழே என்றால் நான் முன்னதாகக் கிளம்பும் கட்சி. அந்தச் சத்தத்துக்குப் பாதிக் குழந்தைகள் அழத்தான் செய்கின்றன.

படி 2: எந்த ஸ்ட்ரோலர்?

ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்தவர். 1965-ல் வெளிநாட்டிலிருந்து மகள் பேரக்குழந்தையோடு வந்தபோது, அவர்கள் கனமான குழந்தை வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியத்தில் குடை மாதிரி மடங்கும் ஸ்ட்ரோலரை உருவாக்கினார். விமானத்தில் சக்கரம் உள்ளே மடங்கும் சூத்திரம்தான் இன்று நம் கையில் மடங்குகிறது. பயணத்துக்குத் தேவை அந்த வகைதான். வீட்டில் வைத்திருக்கும் பெரிய வண்டி வேண்டாம்.

வாங்கும்போதோ இரவல் கேட்கும்போதோ நான் பார்ப்பவை நான்கு. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடக்க முடிய வேண்டும். சாய்மானம் தூங்கும் அளவுக்குச் சாய வேண்டும். 6 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் முழுக்கத் தட்டையாகப் படுக்கும் வசதி கட்டாயம். வெயில் மறைப்பு முகத்தைத் தாண்டி இறங்க வேண்டும். அடியில் உள்ள கூடை, சாய்த்து வைத்த பிறகும் கை விட்டு எடுக்கும்படி இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. குழந்தை தூங்கும்போது டயப்பர் பை கூடைக்குள் சிக்கிக்கொண்டால்தான் அதன் அருமை தெரியும்.

அளவையும் பாருங்கள். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 2019 மே முதல், 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோலரை உள்ளே விடுவதில்லை. இழுத்துப் போகும் வேகன் வகைக்கும் அனுமதி கிடையாது. சாதாரண ஒற்றை ஸ்ட்ரோலர் இதற்குள் அடங்கிவிடும். இரட்டைக் குழந்தைகளுக்கான அகல வண்டி வைத்திருப்பவர்கள்தான் நாடா வைத்து அளக்க வேண்டும். மற்றப் பூங்காக்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

'எங்கள் பிள்ளைக்கு 4 வயது, அவன் ஸ்ட்ரோலரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது' என்பவர்களுக்கு: எடுத்துப் போங்கள். தீம் பார்க்கில் ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். மாலை 4 மணிக்கு அவன் தரையில் உட்கார்ந்துவிட்டால், 16 கிலோவைத் தோளில் சுமக்கப்போவது நீங்கள்தான்.

பூங்காவில் வாடகைக்குக் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் இருக்கை, சாயாது, வாசலுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. கால் வலிக்கும் பெரிய பிள்ளைக்கு அது போதும், தூங்கும் குழந்தைக்கு ஆகாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பாருங்கள். தோளில் பை, இடுப்பில் குழந்தை, மாடிப்படி அடியில் ஸ்ட்ரோலர். மடக்கி, தூக்கி, மேலே போய் விரியுங்கள். எனக்கு முதல் முறை மூன்று நிமிடம் ஆனது. பேருந்து ஓட்டுநர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

படி 3: விமானம்

பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தையின் ஸ்ட்ரோலரைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கலாம். அதற்கு கவுன்ட்டரிலோ போர்டிங் கேட்டிலோ ஒரு அட்டை கட்டுவார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இறங்கும்போது வண்டி விமான வாசலில் கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா? பெல்ட்டில்தான் என்றால் அதுவரை குழந்தையைச் சுமக்க மார்போடு கட்டும் கேரியர் வேண்டும். எப்படியும் அதை எடுத்து வையுங்கள், இந்தப் பயணத்தில் இன்னும் மூன்று இடங்களில் கைகொடுக்கும்.

கைப்பை அளவுக்கு மடங்கும் ஸ்ட்ரோலர்கள் இப்போது உண்டு. கைப்பைக்கு 56, 45, 25 சென்டிமீட்டர் என்று விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏடிஏ ஒரு பொது அளவு சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவைத்தான் பார்க்கும். நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் அளவோடு ஒப்பிடுங்கள்.

ஒப்படைக்கும் முன் கப் ஹோல்டர், கொக்கி, பொம்மை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணத்தில் எங்கள் வண்டியின் முன்சக்கரம் கோணிப்போய் வந்தது. ஓட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டோம். அதன் பிறகு புகார் எடுபடவில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும் என்று அப்போது தெரியாது.

குழந்தைக்கான பாலும் உணவும் பெரும்பாலான நாடுகளில் கைப்பைக்கான 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டுக்குள் வராது. தனியாக எடுத்துக் காட்டினால் சோதித்துவிட்டு விடுவார்கள்.

படி 4: அறை

ஓட்டலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம்? பழைய கட்டடங்களில் லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் தொடங்கும், அல்லது இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். தொட்டில் தருவார்களா, அது போட்ட பிறகு ஸ்ட்ரோலர் நிற்க இடமிருக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். ரயில் நிலையம் பக்கம் என்றால் மட்டும் போதாது, லிஃப்ட் உள்ள நுழைவாயில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சில நேரம் அது இரண்டு தெரு தள்ளி இருக்கும்.

படி 5: நகருக்குள் போய்வருவது

நகரத்துக்கு நகரம் இது தலைகீழாக மாறும். சிங்கப்பூரின் மெட்ரோ ரயிலான எம்ஆர்டி நிலையங்களில் லிஃப்ட் உண்டு, பேருந்திலும் ஸ்ட்ரோலரை மடக்காமல் ஏறலாம். லண்டனின் சுரங்க ரயிலான அண்டர்கிரவுண்டில் 272 நிலையங்கள், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் படியில்லாமல் போக முடியும். பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. பழைய நிலையங்கள் பெரும்பாலும் படிக்கட்டுதான். 1998-ல் திறந்த 14-ஆம் தடத்தில் மட்டும் நிம்மதியாகப் போகலாம். இப்படிப்பட்ட பழைய நகரங்களில் மெட்ரோவை மறந்துவிட்டுத் தாழ்தளப் பேருந்தில் போங்கள். கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னல் வழியே ஊரும் தெரியும்.

கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழி தேடும்போது சக்கர நாற்காலி செல்லும் வழியை மட்டும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. சக்கர நாற்காலி போகும் இடமெல்லாம் ஸ்ட்ரோலர் போகும். நகரத்துப் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் படியில்லா வரைபடமும் இருக்கும். லிஃப்ட் பழுது என்ற அறிவிப்பை அன்று காலையிலேயே பாருங்கள்.

பேருந்தில் ஸ்ட்ரோலர் நிற்கும் இடம் பெரும்பாலும் சக்கர நாற்காலிக்கான இடம்தான். அதில் வருபவர் ஏறினால் நாம் வண்டியை மடக்கி இடம் விட வேண்டும். ஒத்திகை பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரை ஏற்றாதீர்கள். பக்கத்தில் பத்துப் பேர் ஏற்றினாலும் வேண்டாம். பிளாட்ஃபார்மில் நிற்கும்போது பிரேக் போட்டு, வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பி நிறுத்துங்கள். சில பிளாட்ஃபார்ம்கள் கண்ணுக்குத் தெரியாமல் சரிந்திருக்கும்.

கல் பாவிய பழைய வீதிகளில் சின்னச் சக்கரம் சிக்கிச் சிக்கி நிற்கும். அங்கே வண்டியை முன்னால் தள்ளாமல், திருப்பி, முன்சக்கரங்களை லேசாகத் தூக்கிப் பின்னோக்கி இழுங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் குலுக்கல் பாதியாகக் குறையும். டிராம் தண்டவாளத்தை எப்போதும் செங்குத்தாகவே கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்.

படி 6: நகரத்தில் ஒரு நாள்

காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். நடுவில் தூக்கம். அவ்வளவுதான். ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகள் மதியம் ஒரு முறை தூங்கும். அந்த நேரத்தை ஒரு நீண்ட நடைக்கு ஒதுக்குங்கள். ஆற்றங்கரை, மரங்கள் அடர்ந்த சாலை, பெரிய பூங்கா என்று சமமான தரையாகப் பாருங்கள். குழந்தை தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் பெற்றோர் நிதானமாக ஊர் பார்க்கும் நேரம். அதை அறைக்குத் திரும்பும் ரயிலில் செலவழிக்க வேண்டாம்.

அருங்காட்சியகங்கள் பலவற்றில் ஸ்ட்ரோலரோடு நடமாடலாம். கோபுரம், கோட்டை, கப்பல் போன்ற இடங்களில் கீழேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அங்கே கேரியர் வேண்டும்.

படி 7: தீம் பார்க் நாள்

முதல் வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிறுத்திப் பிள்ளையின் உயரத்தை அளந்துவிடுங்கள். பல பூங்காக்களில் 3 வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம், ஆனால் ரைடில் ஏற்றுவதை முடிவு செய்வது பெரும்பாலும் உயரம். 102 சென்டிமீட்டர் அடிக்கடி வரும் எல்லை. 101 இருந்தால் கெஞ்சிப் பயனில்லை. பூங்காவின் ஆப்பில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரம் போட்டிருக்கும். எதெல்லாம் முடியாது என்று பெரிய பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் அளவுகோலுக்கு முன்னால் வரும் அழுகை சீக்கிரம் அடங்காது.

குழந்தையால் ஏற முடியாத ரைடில் பெற்றோர் இருவரும் ஏற ஒரு ஏற்பாடு உண்டு. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப் என்கிறார்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார். முதலாமவர் இறங்கியதும் மற்றவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். வரிசைக்குள் நுழையும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை.

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வாசலில் இருங்கள். பைச் சோதனையில் ஸ்ட்ரோலருக்கென்று அகலமான வழி இருக்கும், சில நேரம் அதுதான் மெதுவாக நகரும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் வரிசை சின்னது. நீண்ட வரிசை சேரக்கூடிய சிறுவர் ரைடுகளை அப்போதே முடித்துவிடலாம்.

ஸ்ட்ரோலரை ரைடு வரிசைக்குள் கொண்டுபோக முடியாது. பக்கத்தில் நிறுத்துமிடம் இருக்கும். அங்கே ஒரு அனுபவம். ரைடு முடிந்து வெளியே வந்தால், விட்ட இடத்தில் எங்கள் வண்டி இல்லை. அங்கே நூறு வண்டிகளுக்கு மேல் நின்றன. பாதி கறுப்பு, மீதி சாம்பல். எங்களுடையதும் சாம்பல். வெயிலில் வரிசை வரிசையாக ஒவ்வொரு கூடையிலும் குனிந்து பார்த்தோம். கடைசியில் நான்கு வரிசை தள்ளி, எங்கள் தண்ணீர் பாட்டிலின் பச்சை மூடியை வைத்துக் கண்டுபிடித்தோம். யாரும் திருடவில்லை. இடம் ஒழுங்குபடுத்த ஊழியர்கள் வண்டிகளை நகர்த்துவது அங்கே வழக்கமாம். அன்று முதல் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணி ரிப்பன் கட்டியிருக்கிறேன். பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் போன்ற கருவியைக் கூடைக்குள் போட்டு வைப்பவர்களும் உண்டு. பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை இருந்தால் இன்னும் நல்லது. பாஸ்போர்ட், பணம், கேமராவை மட்டும் வண்டியில் விடாதீர்கள். ரைடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் ஒவ்வொரு வாசலுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமல், ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு மூன்று ரைடு முடித்து வாருங்கள்.

மதியத் தூக்கம்தான் பூங்கா நாளின் அச்சாணி. தூக்க நேரத்துக்கு 20 நிமிடம் முன்னதாகவே சத்தமில்லாத ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். ஊர்வலம் போகும் பாதையை விட்டு விலகியிருங்கள், மத்தியானம் மேளதாளத்தோடு அது வந்து எழுப்பிவிடும். நிழலில் மெதுவாக ஒரு சுற்று. கண் சொருகியதும் ஒருவர் பக்கத்தில் உட்கார, மற்றவர் பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவன் ஆசைப்பட்ட ரைடுக்குப் போகலாம்.

வெயிலில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம். தூங்கும் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் இருக்க, வண்டியின் மேல் துணியைப் போட்டு மூடுகிறோம். மெல்லிய துணியானாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், குழந்தையும் கண்ணில் படாது. மூடாதீர்கள். கிளிப் போட்டு மாட்டும் குடையும் சின்ன மின்விசிறியும் போதும். விசிறியின் இறக்கை விரல் நுழையாதபடி மூடியிருக்க வேண்டும். அப்படியும் அவ்வப்போது கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

கனமான பையைக் கைப்பிடியில் மாட்டுவது இன்னொரு தப்பு. குழந்தையை வெளியே தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் கவிழும். குழந்தை உள்ளே இருக்கும்போது கவிழ்ந்தால் இன்னும் மோசம். கனம் எல்லாம் கீழ்க்கூடைக்குத்தான்.

பெரிய பூங்காக்களில் குழந்தைகளுக்கென்று தனி அறை இருக்கும்: பால் கொடுக்க மறைவான நாற்காலி, டயப்பர் மாற்றும் மேசை, பால் சூடாக்கும் வசதி. வந்ததும் வரைபடத்தில் அது எங்கே என்று பார்த்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தை 11 மணிக்கு இழுத்துக்கொண்டால் மேசையும் கிடைக்கும், ஸ்ட்ரோலரைப் பக்கத்தில் நிறுத்த இடமும் கிடைக்கும்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். நடக்கும் பிள்ளையின் கையில் உங்கள் போன் எண் எழுதிய பட்டை கட்டுங்கள். காலையில் கிளம்பும்போதே அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம்கூட ஞாபகம் வராது. யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதற்கு, பெயர்ப்பட்டை அணிந்த ஊழியர் ஒருவரைக் காலையிலேயே பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள்.

படி 8: கூடையில் என்ன, பெட்டியில் என்ன

ஸ்ட்ரோலர் கூடையில் மழை உறை, ஒரு மாற்றுடை, டயப்பர் நான்கைந்து, ஈரத் துடைப்பான், தண்ணீர், கொறிக்க ஏதாவது, மெல்லிய போர்வை. இதற்கு மேல் வைத்தால் மடக்கும்போது எல்லாம் கொட்டும். டயப்பர் மொத்தத்தையும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை, இரண்டு நாளைக்குப் போதுமானது போதும். காய்ச்சல் மருந்து மட்டும் உங்கள் மருத்துவர் சொன்ன அளவை எழுதி வைத்து எடுத்துப் போங்கள். இரவு 2 மணிக்கு வேற்று மொழிப் பெட்டியில் அளவு படிப்பது சிரமம்.

படி 9: திரும்பும் நாள்

ஓட்டலை விட்டுக் கிளம்பும் முன் ஸ்ட்ரோலர் சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரியான நாடுகளுக்குள் மண் ஒட்டிய பொருளோடு போனால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். கூடையையும் சாய்மானத்தின் மடிப்புகளையும் உதறிப் பாருங்கள். எங்கள் வீட்டில் காணாமல்போன இடது கால் செருப்பு மூன்று முறை அங்கேதான் கிடைத்திருக்கிறது.